குதிரைக்கு எந்தச் சேணம்?

தம்பி மகனின் கிட்டாருக்குக் கம்பி மாற்ற உட்கார்ந்தேன். பழைய கம்பிகளைக் கழற்றியதும், கழுத்தின் தலைப்பக்கம் இருந்த வெள்ளைத் துண்டு தானாகக் கழன்று மேசையில் விழுந்தது. திருப்பிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. ஓடு மட்டும் வார்த்து, வயிற்றைக் காலியாக விட்ட பிளாஸ்டிக். "பெரியப்பா, இதுக்குப் பதிலா எலும்பு போட்டா சத்தம் நல்லா வருமாமே?" என்றான். வரும் என்றோ வராது என்றோ ஒரு சொல்லில் முடிகிற கேள்வியில்லை அது. எந்த இடத்தில், எந்த அளவில், யார் கையால் என்று அடுக்கிக்கொண்டே போகவேண்டும்.

முதலில் பெயர்கள். வீணையிலும் வயலினிலும் கம்பியைத் தாங்கும் கட்டையைக் குதிரை என்கிறோம். கிட்டாரின் உடம்பில் ஒட்டியிருக்கும் மரக்கட்டையும் குதிரைதான். அதன் முதுகில் பள்ளம் வெட்டிச் செருகிய வெள்ளைக் கீற்றை ஆங்கிலக்காரர்கள் 'சேடல்' என்கிறார்கள், அதாவது சேணம். இரண்டு மொழியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டதுபோலக் குதிரைக்குச் சேணம் அமைந்துவிட்டது. நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். கழுத்தின் மேல்முனையில் ஆறு வெட்டுகளோடு இருப்பது 'நட்'. கம்பியின் குண்டு முனை மேலே வந்துவிடாமல் குதிரைக்குள் பிடித்துவைக்கும் ஆறு முளைகள் 'பின்'. எலும்பில் கிடைப்பவை இந்த மூன்றும்தான். மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பதும் உண்டு. அந்தப் பொட்டலத்தை வாங்கவேண்டாம்.

காரணம் அளவு. நட்டின் அகலம் ஒரு கிட்டாரில் 43 மில்லிமீட்டர், இன்னொன்றில் 44.5. சேணத்தின் தடிமன் 2.4, 3, 3.2 என்று மாறும். பின்களின் கூம்புச் சரிவில்கூட 3 பாகை, 5 பாகை என்று வகை இருக்கிறது. பொட்டலத்தில் மூன்றில் ஒன்று பொருந்தினாலே அதிர்ஷ்டம்.

மூன்றில் எது முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: சேணம். மீட்டிய கம்பியின் அதிர்வு சேணத்தின் வழியாகக் குதிரைக்கு இறங்குகிறது. குதிரை மேல்பலகையை ஆட்டுகிறது, பலகை காற்றை ஆட்டுகிறது. நீங்கள் வாசிக்கும் எந்தச் சுரமும் சேணத்தைக் கடக்காமல் வெளியே வராது. நட்டின் கதை வேறு. விரல் படாத திறந்த கம்பிக்கு மட்டும்தான் அது எல்லைக்கல். விரலை வைத்து அழுத்திய நொடியில் அந்த இடத்து மெட்டு ('ஃபிரெட்') எல்லையாகிவிடும், நட்டுக்கு அங்கே வேலையில்லை. பின்கள் இன்னும் பின்னால். கம்பியின் குண்டு முனை உள்ளே இருக்கும் பலகையில் ஒழுங்காக மோதி நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படி நின்றால் பின் எலும்பா பிளாஸ்டிக்கா என்பதை என் காது இதுவரை பிரித்துச் சொன்னதில்லை. பிரித்துச் சொல்கிறோம் என்பவர்களைக் கண்ணைக் கட்டி உட்காரவைத்துப் பார்க்க ஆசை.

இனிப் பொருள்கள். விலை குறைந்த கிட்டார்களில் வருவது பிளாஸ்டிக். எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றில்லை. தம்பி மகனுடையதுபோல உள்ளீடற்ற கூடு மோசம். யமஹா எஃப்ஜி800இல் நட்டும் சேணமும் யூரியாப் பிசின், உரமூட்டையில் இருக்கிற அதே யூரியாவின் தூரத்து உறவு. கெட்டியான துண்டுதான், குறை சொல்ல முடியாது. அதைக் கழற்றி எலும்பு போட்டால் வித்தியாசம் இருக்கும். ஆனால் கூட்டைக் கழற்றிப் போடும்போது தெரிகிற அளவுக்கு இருக்காது.

அடுத்தது செயற்கைப் பொருள்களில் மேல்சாதி. கனடாவின் கிராஃப் டெக் நிறுவனம் செய்யும் டஸ்க், துணியையோ காகிதத்தையோ பிசினில் அடுக்கி இறுக்கிய மைக்கார்ட்டா, இரண்டும் சிங்கப்பூரில் எளிதாகக் கிடைக்கும். மார்ட்டின் டி-28இல் நட்டும் சேணமும் எலும்பு. அதே விலைவரிசையில் டெய்லர் கிட்டார்கள் பலவற்றில் சேணம் மைக்கார்ட்டா. ஆயிரக்கணக்கான வெள்ளி வாங்குகிற நிறுவனம் சில வெள்ளியை மிச்சம்பிடிக்க மைக்கார்ட்டாவைப் போட்டிருக்காது. அதற்கு ஒரு காரணம் சீர்மை. எலும்பு ஓர் உயிரின் உடம்பில் வளர்ந்த பொருள். ஒரே துண்டில் ஓரிடம் கெட்டியாகவும் ஓரிடம் நுண்துளையோடும் இருக்கும். சேணத்துக்கு அடியில் ஒலியை மின்சாரமாக்கும் பீசோ பட்டை உள்ள கிட்டாராக இருந்தால், அந்த ஏற்றத்தாழ்வு ஒலிபெருக்கியில் காட்டிக்கொடுக்கும். நாலாவது கம்பி கத்தும், இரண்டாவது முனகும். ஆகவே மேடையில் 'பிளக்' செருகி வாசிப்பவர் டஸ்க் அல்லது மைக்கார்ட்டாவோடு நிற்கலாம். படுக்கையறையிலோ நண்பர்கள் நடுவிலோ வெறும் மரச்சத்தத்தில் வாசிப்பவருக்கு எலும்பு.

எலும்பு என்றால் பெரும்பாலும் மாட்டின் கால் எலும்பு. வெளுத்தது ஒன்று, வெளுக்காதது ஒன்று. வெளுக்காததில் லேசான மஞ்சளும் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். கம்பி வெட்டில் வழுக்கிச் செல்ல அந்தப் பசை உதவும். கடையில் 'எலும்பு' என்று எழுதியிருப்பதெல்லாம் எலும்பு என்று நம்பவேண்டாம். கைத்தொலைபேசியின் விளக்கை அருகே பிடித்தால், நிஜ எலும்பில் முடிபோல மெல்லிய கோடுகளோ ஊசிமுனைத் துளைகளோ தெரியும். பிளாஸ்டிக் பால்போல ஒரே வெள்ளையாக இருக்கும். கடைசிச் சோதனை வீட்டில்தான்: உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்து முகர்ந்தால், பல் மருத்துவர் கடையும்போது வருமே, அந்தத் தீய்ந்த வாடை. முகமூடி போட்டுக்கொண்டு தேய்க்கவேண்டும், தூசி நெஞ்சுக்கு ஆகாது.

பித்தளைச் சேணமும் விற்கிறது. வீணையின் குதிரைமேல் உலோகத் தகடு இருக்கிறதே, கிட்டாருக்கு ஏன் கூடாது என்று ஒரு நண்பர் கேட்டார். வீணையின் சத்தத்துக்கு அந்தத் தகடு வேண்டும். கிட்டாரில் பித்தளை கனமாகவும் கூர்மையாகவும் பேசும், பாடுபவரின் குரலோடு மல்லுக்கு நிற்கும். எனக்கு அது வேண்டாம். தந்தம் பேச்சுக்கே இல்லை. தஞ்சாவூர் வீணைகளைத் தந்தத்தால் அலங்கரித்த காலம் ஒன்று இருந்தது. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்தத்தை விற்பதும் விற்பனைக்குக் காட்சி வைப்பதும் சட்டப்படி குற்றம். பழைய கிட்டாரில் இருந்து கழற்றியது என்று யாராவது நீட்டினால் கையை எடுத்துவிடுங்கள்.

மாட்டெலும்பு என்றதும் எங்கள் வீட்டில் அம்மா நிமிர்ந்தார். சரஸ்வதி பூசையன்று புத்தகத்தோடு கிட்டாரையும் வைத்துக் குங்குமம் இடுகிற வீடு. "அதுல மாட்டெலும்பா?" என்றார். மிருதங்கத்துக்குப் பசு, ஆடு, எருமை என்று மூன்று தோலும் போகின்றன. பாடகர் டி.எம்.கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றிய புத்தகம். அதைச் சொன்னேன். நாங்கள் குடியிருந்த வட்டாரத்தையும் சொன்னேன்: லிட்டில் இந்தியாவில் தேக்காச் சந்தையை ஒட்டியே பஃபலோ ரோடு. பக்கத்திலேயே கெர்பாவ் ரோடு, கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம், நம் பிள்ளைகள் பாதிப்பேர் பிறந்த கேகே மருத்துவமனையின் பெயரே அதுதான். 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வியாபாரத்தில் எழும்பிய பேட்டை இது. அம்மா, "வாதம் பண்ணாதே, பூசையறையில வைக்கிறப்ப சொல்லு" என்று எழுந்து போனார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் தயங்காமல் டஸ்க் வாங்குங்கள். காதுக்குப் பெரிய நட்டம் வராது, வீட்டில் நிம்மதி மிஞ்சும்.

இத்தனையும் சொன்னபின் ஒரு பெரிய 'பொறு'. இந்த ஊரில் எலும்பை வாங்குவதற்கு முன் கிட்டாரைக் காயவையுங்கள். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டுக்கு மேல். மழைக்காலத்து விடியற்காலையில் 90ஐத் தாண்டும். கிட்டார் செய்தவர் மனத்தில் வைத்திருப்பது 45 முதல் 55 விழுக்காடு வரை. இடைப்பட்ட தண்ணீரை மரம் குடித்துவிடுகிறது. மேல்பலகை உப்பி, குதிரையைத் தூக்கி, கம்பி விரலைவிட்டு எட்டிப்போகிறது. சத்தம் கம்பளியைப் போர்த்தியதுபோல மந்தமாகிறது. 'சேணம் சரியில்லை' என்று கடைக்கு வரும் கிட்டார்களில் பல, உண்மையில் ஈரத்தில் ஊறியவை. அந்த நிலையிலேயே எலும்புச் சேணத்தைத் தேய்த்துக் கம்பியைத் தாழ்த்திவிட்டு, பிறகு குளிர்சாதன அறையில் இரண்டு மாதம் வைத்தால், பலகை இறங்கிக் கம்பி மெட்டில் உரசும். கொடுத்த காசு வீண்.

ஆகவே பெட்டிக்குள் ஓர் ஈரமானி, சிலிக்கா பொட்டலங்கள், முடிந்தால் புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் அலமாரி. இரண்டு வாரம் அப்படி வையுங்கள். பிறகு புதுக்கம்பி போடுங்கள். சத்தம் மந்தமாக இருக்கிறது என்று புகார் சொன்ன பாதிப்பேரின் குறை இங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் அளவெடுங்கள். 12ஆவது மெட்டின்மேல் எஃகு அளவுகோலை நிறுத்தினால், தடித்த கம்பிக்கு 2.5 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு 2 அளவில் இடைவெளி இருந்தால் நலம். கூடுதலாக இருந்தால் சேணத்தின் அடியைத் தேய்க்கவேண்டும். 12ஆவது மெட்டில் அரை மில்லிமீட்டர் குறைய, சேணத்தில் ஒரு முழு மில்லிமீட்டர் எடுக்கவேண்டும். நட்டுக்குச் சோதனை வேறு: மூன்றாவது மெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே பாருங்கள். காகிதத் தடிமன் இருந்தால் சரி. அதைவிட அதிகம் என்றால், எஃப் கார்டு வலிப்பதற்கும் சுருதி ஏறுவதற்கும் குற்றவாளி அந்த நட்தான். எலும்போ பிளாஸ்டிக்கோ, வெட்டின் ஆழத்தைச் சரிசெய்யாமல் மாற்றுவதில் பயனில்லை.

தம்புரா சுருதி சேர்ப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. குதிரைமேல் கம்பிக்கு அடியில் ஒரு நூலைச் செருகி, இழையளவு நகர்த்தி 'ஜீவா' பிடிப்பார்கள். குதிரையும் அதேதான், கம்பியும் அதேதான். தொடுகிற இடம் மட்டும் மாறுகிறது, தம்புரா உயிர்பெறுகிறது. கிட்டாரிலும் சேணத்தின் அடி பள்ளத்தில் இடைவெளியின்றிப் படிந்திருக்கிறதா, உச்சியில் கம்பி ஒரே கோட்டில் தொடுகிறதா என்பதில்தான் பாதிச் சத்தம். எலும்பு போட்டதும் 'ஆகா' என்பவர்களில் பலர் ரசிப்பது எலும்பை இல்லை, முதன்முறையாக ஒருவர் அக்கறையோடு பொருத்தித் தந்ததை.

இதை நான் கற்றது என் செலவில். முதல் எலும்புச் சேணத்தைக் கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி நானே தேய்த்தேன். உற்சாகத்தில் கை நிற்கவில்லை. கம்பி எல்லா மெட்டிலும் ஈப்போல இரைந்தது. பழைய ஈஸிலிங்க் பயண அட்டையைக் கீற்றாக வெட்டி அடியில் வைத்தேன். இரைச்சல் போயிற்று. பழுதுபார்க்கும் அங்கிள் கழற்றிப் பார்த்து, "பேலன்ஸ் எவ்வளவு இருக்கு?" என்றார். அதிலிருந்து ஒரு பழக்கம்: பழைய சேணத்தின் உயரத்தைப் புதியதன்மேல் பென்சிலால் கோடிட்டு, கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் மேலேயே நிறுத்தி, கம்பி கட்டி, பார்த்துப் பார்த்துக் குறைப்பேன். பழையதைத் தூக்கிப் போடமாட்டேன்.

நட்டில் கைவைக்க எனக்குத் துணிச்சலில்லை. வெட்டு ஒவ்வொன்றுக்கும் கம்பித் தடிமனுக்கேற்ற தனி அரம் வேண்டும். அந்த அரங்களை வாங்கும் காசுக்குப் பலமுறை கூலி கொடுக்கலாம். லிட்டில் இந்தியாவில் எம்ஆர்டி ஏறி, தோபி காட்டில் மாறி, சிட்டி ஹாலில் இறங்கினால் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர். மாடிக்கு மாடி கிட்டார் கடைகள். அங்கிருந்து பொடிநடையில் பிராஸ் பாசா. 1946இல் தொடங்கிய ஸ்வீ லீ முதல் ஒற்றை ஆள் பட்டறைவரை இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எலும்புத் துண்டின் விலையைவிடக் கூலிதான் கூடுதலாக வரும், அதில் பேரம் பேசவேண்டாம். கிட்டாரைக் கொடுக்கும்போது கேட்கவேண்டியது ஒன்றுதான்: என் கிட்டாருக்கே அளந்து தேய்ப்பீர்களா, ஆயத்தமாக வந்த துண்டைச் செருகித் தருவீர்களா?

தம்பி மகன் கிட்டாரின் விலை இருநூறு வெள்ளிக்குள். அதில் மூன்றையும் மாற்றுவது ஓட்டை வீட்டுக்குத் தேக்குக் கதவு போடுவதுபோல. அவனுக்குச் செய்தது இது: இரண்டு வாரம் அலமாரியில் உலர்த்தல், வெளுக்காத எலும்பில் சேணம், கூடாக இருந்த நட்டுக்குப் பதில் அவன் அளவுக்கு வெட்டு போட்டே வரும் கெட்டியான டஸ்க். அவன் நாளுக்குப் பத்துமுறை சுருதியைத் திருகுகிறவன், டஸ்க்கில் கம்பி சிக்காமல் ஓடும். திறந்த கம்பிகள் இப்போது தெளிவாகப் பேசுகின்றன, எஃப் கார்டு அவன் விரலுக்கு எட்டுகிறது. ஆறு பின்களும் பழைய பிளாஸ்டிக்தான். உடையும்வரை மாற்றப்போவதில்லை.