படகு வேறு, எஞ்சின் வேறு: புதிய படகைத் திட்டமிடும் பட்டறைக்கும் மீனவர் சங்கத்திற்கும்

மன்னார்க் கரையில் ஓடும் கண்ணாடியிழைப் படகின் உடலை இலங்கைப் பட்டறை ஒன்று வார்க்கிறது; அதைத் தள்ளும் வெளியிணைப்பு எஞ்சின் பெரும்பாலும் யப்பானிய நிறுவனம் ஒன்றுடையது. இரு தரப்பும் கலந்து பேச வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டும் பொருந்துகின்றன. எஞ்சின் மாட்டும் பின்பலகையின் உயரம் 15 அங்குலம் அல்லது 20 அங்குலம் என்று முன்பே வழக்கமாகிவிட்டதே காரணம். அந்த ஓர் அளவைக் காப்பாற்றினால் படகுக்காரர் படகையும் எஞ்சின்காரர் எஞ்சினையும் தனித்தனியே மேம்படுத்தலாம். பகுதிகளாகப் பிரித்த வடிவமைப்பு என்பது இதுதான்.

1950களின் இறுதியில் இலங்கையில் பரவத் தொடங்கிய 28 அடி, மூன்றரைத் தொன் உள்ளிணைப்புப் படகின் அமைப்பு வேறு. எஞ்சின் அமரும் இடம், தண்டு சாயும் கோணம், சுக்கான், மீன் அறை எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. நெடுந்தூரம் போகவும் பாரம் ஏற்றவும் இதுவே வலுவானது. ஆனால் ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் தொட வேண்டும்.

நிலைமை மாறும்போதுதான் இந்த வேறுபாட்டின் விலை தெரிகிறது. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடிய வெளியிணைப்புப் படகில் எஞ்சினைக் கழற்றி, எரிபொருள் குறைவாகக் குடிக்கும் வேறொன்றை மாட்ட வழியிருந்தது. படகு அப்படியே இருக்கும். 2017இல் இழுவைமடித் தொழில் சட்டப்படி தடைசெய்யப்பட்டபோது, அத்தொழிலுக்கென்றே கட்டிய உள்ளிணைப்புப் படகை வேறு தொழிலுக்குத் திருப்புவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. மன்னாரின் வடகடலின் ஆழமற்ற நீரில் எஞ்சினைத் தூக்கிக் கரையேறவும், பருவம் மாறும்போது தென்கடலுக்குப் படகைக் கொண்டுபோகவும் பிரித்த அமைப்பே உகந்தது. ஒரு நாள் தொழிலுக்குத் தயக்கமின்றி அதையே தேர்வு செய்யலாம். ஆனால் எஞ்சினை மாற்றும் சுதந்திரம் வடிவமைப்பால் மட்டும் கிடைப்பதில்லை. மீன் வியாபாரியின் முற்பணத்தில் வாங்கிய எஞ்சினை, கடன் தீராமல் மாற்றுவது கடினம்.

வழங்குநருடன் எவ்வளவு நெருங்குவது என்பதும் இந்தத் தெரிவையே பொறுத்தது. பழக்கமான எஞ்சினைப் பழக்கமான பின்பலகையில் மாட்டுவதானால், விலையும் உதிரிப்பாகமும் பார்த்து இருவரிடம் விசாரித்தால் போதும். பட்டறை தன் நெருக்கத்தைப் பிசினும் இழையும் தருபவருக்கு வைத்துக்கொள்ளலாம். படகின் ஆயுள் அவர்கள் பொருளில்தான் இருக்கிறது.

மின்கல எஞ்சின் போன்ற புதிய பொருளுக்கு, எஞ்சின் வழங்குநரிடமிருந்து இப்படி விலகி நிற்பது உதவாது. மின்கலத்தின் எடை படகின் சமநிலையையே மாற்றுவதால், பின்பலகை அளவு மட்டும் இனிப் போதாது. கார்த் தொழிலில் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1980களில் யப்பானிய கார் நிறுவனங்கள் பல பாகங்களுக்கு வெளியளவையும் செயல்திறனையும் மட்டும் சொல்லி, உள்வடிவமைப்பை வழங்குநரிடமே தொடக்கத்திலிருந்து ஒப்படைத்தன. ஆய்வாளர்கள் கிளார்க்கும் புஜிமோட்டோவும் 1991இல் வெளியிட்ட ஆய்வு, அந்நிறுவனங்கள் புதிய கார்களை உருவாக்கும் வேகத்துக்கு அதையும் ஒரு காரணமாகக் காட்டியது. படகுப் பட்டறைக்கு அந்தத் தொடக்கம் அச்சு செய்வதற்கு முந்திய கட்டம். அச்சு இறுகிய பின் எடையை நகர்த்த இடமில்லை. ஆகவே மின்கலம் தருபவர் அச்சு வரைபடத்தின்போதே உடனிருக்க வேண்டும். வாடைக்காற்றிலும் சோளகத்திலும் வெள்ளோட்டம் பார்த்த பின் அச்சைத் திருத்த நேர்ந்தால் செலவு யாருடையது என்பதும் அப்போதே எழுத்தில் இருக்க வேண்டும்.