வடித்த தயிரும் வட லண்டன் அடுப்பும்

கிரீக் யோகர்ட் என்றாலே தேன், வால்நட், மேலே நாலு புளூபெர்ரி என்று காலைச் சாப்பாட்டுக் கிண்ணம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. கிரேக்கத்தில் அந்தத் தேன் விட்ட தயிரைச் சாப்பாடு முடிந்தபின் இனிப்பாகத் தருவதுதான் வழக்கம். தயிரின் மற்ற வேலையெல்லாம் அடுப்படியில். நான் இருப்பது வட லண்டனில். நடந்து போகும் தூரத்தில் துருக்கிக் கடைகளும் கிரேக்க சைப்ரஸ்காரர்களின் கடைகளும் இருப்பதால், வடித்த தயிரைக் கிலோ கணக்கில் வாளியில் வாங்கும் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு வாளித் தயிரைக் காலையில் மட்டும் தின்று தீர்க்க முடியாது. மீதியை என்ன செய்வது என்று யோசிக்கப்போய்த்தான் அது குழம்பிலும் கேக்கிலும் வந்து விழுந்தது.

இந்தத் தயிரிடம் பழகுவதற்கு ஒரு விஷயம் பிடிபட்டால் போதும். இது தண்ணீர் வடித்த தயிர். உறைந்த தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் பாதிக்குப் பாதி நீராக இறங்கிவிடும். புரதமும் கொழுப்பும் துணியில் தங்கும். சமைக்கும்போது அந்தத் தண்ணீர் இல்லாதது எங்கே லாபம், எங்கே நஷ்டம் என்று பார்க்கப் பழகிவிட்டால், எந்தச் செய்முறையிலும் இதைத் துணிந்து நுழைக்கலாம்.

வாங்கும்போதே கவனம் வேண்டும். பிரிட்டனில் ‘கிரீக்’ என்று எழுதிய டப்பா வேறு, ‘கிரீக் ஸ்டைல்’ என்று எழுதிய டப்பா வேறு. கிரேக்க நிறுவனமான ஃபாகே, அமெரிக்காவில் தயாரான சோபானி தயிருக்கு எதிராக வழக்குப் போட்டு, 2013இல் லண்டன் உயர் நீதிமன்றத்திலும் 2014இல் மேல்முறையீட்டிலும் வென்றது. கிரேக்கத்தில் தயாராகாததை அந்தப் பெயரில் இங்கே விற்கக் கூடாது என்று தீர்ப்பு. ஊர்ப் பெயரில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. ஆனால் ‘ஸ்டைல்’ டப்பாக்களில் பல வடித்தவையே அல்ல. பால் பவுடரோ கிரீமோ ஸ்டார்ச்சோ சேர்த்துக் கெட்டியாக்கியவை. டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். 100 கிராமுக்குப் புரதம் 9, 10 கிராம் என்று இருந்தால் வடித்த தயிர். 4, 5 என்று இருந்தால் சாதாரணத் தயிர்தான் வேஷம் போட்டிருக்கிறது. அது சாப்பிட மோசமில்லை, ஆனால் கீழே சொல்லும் வேலைகளில் பாதிக்கு உதவாது. துருக்கிக் கடையில் ‘சூஸ்மே’ என்று கேட்டால் வடித்த தயிர் கிடைக்கும். என் கணக்கில் விலைக்குத் தரம் அதுதான். இந்தியாவில் இருப்பவர்கள் எதையும் தேட வேண்டாம். முழுக் கொழுப்புப் பாலில் உறைய வைத்த தயிரை வேட்டித் துணியில் கட்டி, ஃபிரிட்ஜில் ஒரு வடிகட்டியின் மேல் இரவு முழுக்க வைத்தால் முடிந்தது. வெளியே சமையல் மேடையில் தொங்கவிட்டால் நம் ஊர் வெயிலில் விடிவதற்குள் புளித்துவிடும்.

முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது சாட்சிகி. நம் வெள்ளரிப் பச்சடிக்குப் பங்காளிதான். தண்ணீர் இல்லாததன் லாபம் இதில் பளிச்சென்று தெரியும், அந்த லாபத்தை வெள்ளரிக்காய் எப்படிக் கெடுக்கும் என்பதும் தெரியும். வெள்ளரியைத் துருவி, அரை டீஸ்பூன் உப்புப் போட்டுப் பிசறி, இருபது நிமிஷம் வடிகட்டியில் வையுங்கள். பிறகு கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, இனி ஒரு சொட்டும் வராது என்னும்வரை பிழியுங்கள். இந்த ஒரு வேலையில் சோம்பல்பட்டால் மேசைக்குப் போவதற்குள் கிண்ணத்தில் குளம் கட்டிவிடும். பிழிந்த வெள்ளரியுடன் 400 கிராம் தயிர், உப்புடன் நசுக்கிய ஒரு பல் பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர், நறுக்கிய சோயிக்கீரை. சைப்ரஸில் சோயிக்கீரைக்குப் பதில் புதினா போட்டு அதற்குத் தலத்தூரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். துருக்கியரின் ஜாஜிக் ஏறக்குறைய இதே பொருட்கள்தான், தண்ணீர் விட்டுக் கரண்டியால் குடிக்கும் பதத்தில் இருக்கும். பூண்டை மட்டும் குறைத்தே போடுங்கள். பச்சைப் பூண்டின் காரம் ஃபிரிட்ஜில் நேரம் ஆக ஆக ஏறும். மாலையில் இதமாக இருப்பது மறுநாள் காலை அலுவலகக் கூட்டத்தில் தன்னை அறிவித்துவிடும்.

சூடான குழம்புக்கு வருவோம். தயிரை நேராகக் கொதிக்கிற சாற்றில் போட்டால் திரியும் என்பது மோர்க்குழம்பு வைத்த வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. புளிப்பும் சூடும் சேரும்போது பால் புரதம் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அரிசியும் துவரம்பருப்பும் ஊறவைத்து அரைத்துக் கலக்குகிறோமே, அந்த மாவுச்சத்துதான் புரதம் சேர்ந்து கட்டியாகாமல் தடுக்கிறது. அனதோலியாவின் யாய்லா சூப்பிலும் அதே சூட்சுமம்: தயிரில் மைதாவும் முட்டை மஞ்சள் கருவும் அடித்துக் கலக்கி, வெந்த சோற்றுக் கஞ்சியில் சேர்ப்பார்கள், மேலே வெண்ணெயில் வாட்டிய உலர்ந்த புதினா. இரண்டு ஊர்ப் பாட்டிகளும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பதில் மட்டும் ஒன்று.

நான் செய்வது இப்படி. 200 கிராம் கிரீக் யோகர்ட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி கடலை மாவோ அரிசி மாவோ போட்டுக் கட்டியில்லாமல் அடிப்பேன். பிறகு அரை டம்ளருக்கு மேல் தண்ணீர். வடித்துவிட்ட தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டிய இடம் இது. இல்லையென்றால் குழம்பு கூழாகி அடிப்பிடிக்கும். அடுத்து, கொதிக்கிற சாற்றிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தயிரில் விட்டுக் கலந்து, அது வெதுவெதுப்பானபின் மொத்தத்தையும் பாத்திரத்தில் சேர்த்து மிதமான தீயில் கிளறுவேன். கொழுப்பு நீக்கிய தயிரை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள், அது சீக்கிரம் திரியும். ஒரே திசையில்தான் கிளற வேண்டும் என்று பக்கத்து வீட்டு சைப்ரஸ் அம்மா இன்றும் அடித்துச் சொல்வார். அவர் எதிரில் அப்படியே கிளறுவேன்.

மாவு சேர்க்க விருப்பமில்லாத கறிகளில் அடுப்பை அணைத்து, கொதி அடங்கியபின் கடைசியில் கலந்தால் போதும். கீரை மசியலிலும் தக்காளி பாஸ்தாவிலும் கிரீமுக்குப் பதில் இப்படித்தான் போடுகிறேன்.

தயிர் இறுகுவதைத் தடுக்காமல் அதையே சமையலாக்கிய ஊரும் உண்டு. அல்பேனியாவின் எல்பசான் நகரத்துத் ‘தவே கோசி’யில் ஆட்டுக்கறியும் அரிசியும் அடியில் இருக்க, தயிரும் முட்டையும் வெண்ணெயில் வறுத்த மாவும் அடித்து மேலே ஊற்றி ஓவனில் வைப்பார்கள், மேலே பொன்னிறப் படலம் பிடித்து, உள்ளே பஞ்சு போல உறைந்திருக்கும். மூசாகாவின் மேல் பூச்சுக்கு வெள்ளை சாஸ் கிண்ட நேரமில்லாத நாளில் 400 கிராம் தயிர், இரண்டு முட்டை, ஒரு மேசைக்கரண்டி மாவு, துருவிய சீஸ் கலந்து ஊற்றுகிறேன். கத்தரிக்காய் அடுக்கு ஏற்கெனவே கனமானது. அதற்கு இந்தப் புளிப்புதான் சரி என்று சொல்வேன்.

பேக்கிங்கில்தான் மக்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். செய்முறையில் ‘பட்டர்மில்க்’ ஒரு கப் என்று இருக்கும். இவர்கள் கிரீக் யோகர்ட்டை ஒரு கப் போடுவார்கள். மாவு களிமண்ணாகும், கேக் வறண்டு வெடிக்கும். அரை கப்புக்குச் சற்று மேல் தயிர் எடுத்து, மீதியைப் பாலால் நிரப்பி அடித்தால் பட்டர்மில்க் பதம் வரும். தயிரின் லாக்டிக் அமிலமும் பேக்கிங் சோடாவும் சேர்ந்தால்தான் கேக்கைத் தூக்கும் வாயு உண்டாகும். அரை கப் தயிருக்குக் கால் டீஸ்பூன் சோடா போதுமானது. அதைத் தாண்டினால் சோப்பு வாடை வரும். பேக்கிங் பவுடரில் அமிலம் ஏற்கெனவே இருப்பதால், பவுடர் மட்டும் போட்ட கேக்கில் பாலுக்குப் பதில் தயிர் சேர்க்கும்போது பவுடரை ஒரு டீஸ்பூன் குறைத்து, அந்தக் கால் டீஸ்பூன் சோடாவைச் சேருங்கள். வெண்ணெய்க்குப் பதிலாகத் தயிர் போடுவதென்றால் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழுக்க மாற்றிய கேக் ரப்பர் மாதிரி இழுக்கும், எடையைக் குறைக்கும் ஆசையில் இருப்பவர்கள் அதை ரசிப்பதாக நடிப்பார்கள்.

இந்தத் தயிருக்கென்றே பிறந்த கேக் கிரேக்கர்களின் யாவூர்த்தோபிட்டா. எங்கள் வீட்டில் பிறந்தநாளுக்குக்கூட இதைத்தான் கேட்கிறார்கள். 100 கிராம் சன்ன ரவையை 200 கிராம் தயிருடன் கலந்து கால்மணி நேரம் ஊறவிடுவேன். ரவா இட்லி செய்கிறவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். மூன்று முட்டை, 150 கிராம் சர்க்கரை, எலுமிச்சைத் தோல் துருவல் மூன்றையும் நுரைக்க அடித்து, 120 மில்லி எண்ணெயும் ஊறிய ரவையும் சேர்த்து, கடைசியில் 150 கிராம் மைதா, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. மாவு சேர்த்தபின் அடிக்காமல் மடித்துக் கலக்க வேண்டும். 23 சென்டிமீட்டர் டின்னில், 180 டிகிரியில் சுமார் நாற்பது நிமிஷம். 150 கிராம் சர்க்கரையை 150 மில்லி தண்ணீரில் ஐந்து நிமிஷம் கொதிக்கவைத்து, அரை எலுமிச்சை பிழிந்து, முன்பே ஆறவைத்திருக்க வேண்டும். சூடான கேக்கில் ஆறிய பாகை ஊற்றினால் சீராக உறிஞ்சும். இரண்டுமே சூடாக இருந்தால் கேக் சொதசொதத்துப் போகும். வெட்ட மறுநாள்வரை காத்திருக்க முடிந்தால் நல்லது. ருசி அப்போதுதான் கூடும்.

தயிரும் செல்ஃப் ரைசிங் மாவும் மட்டும் பிசைந்து தோசைக்கல்லில் சுடும் ரொட்டியும் இப்போது எல்லோரும் செய்கிறார்கள். சம எடை எடுத்தால் கைக்கு ஒட்டும், மாவைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். அவசரத்துக்கு உதவும். அதை ‘நான்’ என்று அழைப்பதுதான் எனக்குச் சம்மதமில்லை, ஆறினால் அட்டை.

கோழி ஊறவைக்க இந்தத் தயிர் கச்சிதம். சாதாரணத் தயிர் தட்டில் ஓடிவிடும், மசாலாவும் அதோடு போகும். வடித்தது கறியைப் பற்றிக்கொண்டு நிற்கும். தந்தூரிக்குத் துணியில் கட்டிய தயிரைச் சொல்வது அதனால்தான். ஒரு கிலோ எலும்பில்லாத தொடைக்கறிக்கு 200 கிராம் தயிர், இரண்டு டீஸ்பூன் உப்பு, பூண்டு, எலுமிச்சை, கொரகொரப்பாக இடித்த மிளகும் சீரகமும். இரவு முழுக்க ஊறலாம். மீனுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம், சதை குழைந்துவிடும். கிரில்லில் வைக்கும் முன் அப்பியிருக்கும் தயிரை விரலால் வழித்துவிடுங்கள். பால் சர்க்கரை சீக்கிரம் கருகும். கறி வேகாமலே வெந்த நிறம் காட்டி ஏமாற்றும்.

வீட்டில் வடிப்பவர்கள் வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம். நியூயார்க் மாநிலத்தில் கிரீக் யோகர்ட் ஆலைகள் பெருகியபோது இந்த நீர்தான் பெரிய தலைவலியானது. ஆற்றில் விட்டால் நீரின் ஆக்சிஜனைத் தின்று மீனைக் கொல்லும் என்பதால், மாட்டுத் தீவனத்துக்கும் வயல் உரத்துக்கும் அனுப்பினார்கள். நம் அளவுக்குச் சப்பாத்தி மாவு போதும். இதில் பிசைந்த சப்பாத்தி மதியம்வரை மெத்தென்று இருக்கும். ரசத்தில் புளியைப் பாதியாக்கி இதை விட்டால் புளிப்பு மென்மையாக இருக்கும், ஆனால் கொதிக்கவிடாமல் நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும்.

உதவாத இடங்களும் உண்டு. மீந்ததை ஃபிரீஸரில் போட்டால் உருகும்போது மணல் மணலாகப் பிரியும், கேக்குக்கும் குழம்புக்கும் தவிர அது ஆகாது. உருளைக்கிழங்கு சாலட்டில் மயோனைஸைப் பாதிதான் மாற்றலாம். தயிர்சாதத்துக்கு இதை எடுக்கவே மாட்டேன். பாலும் தண்ணீரும் விட்டு விட்டுக் கரைத்து, கடைசியில் ஐந்து பவுண்டு செலவில் சாதாரணத் தயிர் செய்துகொண்டிருப்போம். அதற்கு மூலைக் கடையில் ஒரு லிட்டர் பாலும் ஒரு கரண்டி உறையும் போதும்.