வார்ஃபரினோடு ஸ்டேட்டினும் சேரும்போது

ஆன்டிபாஸ்போலிப்பிட் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே ரத்தத்தை உறையவைத்துவிடுகிறது. இவர்களில் சிலருக்கு, ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரினோடு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையும் டாக்டர் எழுதுவார். கொலஸ்ட்ரால் சரியாக இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பது நியாயமே. ரத்தக்குழாயின் உட்சுவரில் ஏற்படும் அழற்சியை ஸ்டேட்டின் தணிக்கிறது. ரத்த உறைவுக்குத் தூண்டுகோலான திசுக்காரணியையும் குறைக்கிறது. 2009-ல் வெளியான ஜூபிடர் ஆய்வு முடிவில், ரொசுவாஸ்டேட்டின் சாப்பிட்டவர்களில் 34 பேருக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 60 பேருக்கும் சிரைகளில் ரத்தக்கட்டு வந்திருந்தது. ஆனால், அது இந்த நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு அல்ல.

அதனால் முதல் விதி: ஸ்டேட்டின் துணை மருந்து மட்டுமே. அதை நம்பி வார்ஃபரினை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

ஸ்டேட்டின் தொடங்கும் முன், நோய் உறுதியானதா என்று கேளுங்கள். எதிர்ப்பொருள் பரிசோதனை குறைந்தது 12 வார இடைவெளியில் இரண்டு முறை பாசிட்டிவாக வர வேண்டும். கல்லீரல் பரிசோதனையையும் அப்போதே செய்துகொள்ளலாம்.

அடுத்ததில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். ரொசுவாஸ்டேட்டின், சிம்வாஸ்டேட்டின், ஃப்ளூவாஸ்டேட்டின் ஆகியவை வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டி, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை ஏற்றக்கூடும். பெரும்பாலோருக்கு இலக்கு 2 முதல் 3 வரை. ஸ்டேட்டின் தொடங்கும் முன் ஒருமுறை ஐ.என்.ஆர். பாருங்கள், தொடங்கியபின் எப்போது பார்க்க வேண்டும் என்று தேதியே கேட்டு வாங்குங்கள். ஸ்டேட்டின் அளவை மாற்றினாலும் நிறுத்தினாலும் மறுபடி பார்க்க வேண்டும். பல் ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றல், கறுப்பு மலம் தெரிந்தால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்கக் கூடாது.

தொடையும் தோளும் வலித்தால், மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள். வார்ஃபரினோடு அது வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். அந்த வலி ஸ்டேட்டினால் வந்ததாகவும் இருக்கலாம். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சளிக்கு க்ளாரித்ரோமைசின் எழுதினால், இந்த இரண்டு மருந்துகளையும் சாப்பிடுவதாகச் சொல்லுங்கள்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். அதற்குப் பதில் ஹெப்பாரின் ஊசியும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் தருவார்கள். ஸ்டேட்டினையும் பொதுவாக நிறுத்தச் சொல்வார்கள். தொடர வேண்டுமா என்பது மருத்துவக் குழு எடுக்கும் முடிவு.