அழுக்கு கூடினால் ஒளி குறையுமா?

மூன்றாம் ஆண்டு, கெமிக்கல் பிரிவு

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையில் படிந்த எண்ணெயை வாளி வாளியாக அள்ளினார்கள். கண்ணுக்குத் தெரிந்ததை அள்ளிவிடலாம். தண்ணீரில் கலந்து நிற்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு நல்ல வழி ஒளிர்வு நிறமாலையியல், அதாங்க, ஃப்ளோரசன்ஸ் ஸ்பெக்ட்ரோஸ்கோபி. அதைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

சில மூலக்கூறுகள் புற ஊதாக் கதிரை உறிஞ்சி, கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக இழந்து, மீதியை நீண்ட அலைநீள ஒளியாக வெளிவிடும். 1852-இல் ஸ்டோக்ஸ் இதை விளக்கினார். எண்ணெயில் உள்ள பல வளைய அரோமேட்டிக் சேர்மங்களுக்கு இந்தக் குணம் உண்டு. கடல்நீரை ஹெக்சேனுடன் குலுக்கி, எண்ணெயைப் பிரித்தெடுத்து, 310 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தி, 360-இல் அளந்து, கிரைசீன் கரைசலோடு ஒப்பிடுவது வழக்கமான முறை.

"கலரிமீட்டர் போதாதா?" என்று கேட்பீர்கள். அதில் நிறைய வெளிச்சத்தில் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறோம். இதில் டிடெக்டர், விளக்கின் நேர் ஒளி படாதபடி, 90 டிகிரியில் இருக்கும். மின்மினியைப் பகலில் தேடுவதற்கும் இருட்டில் தேடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்! அதனால் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலும் சிக்கிவிடும்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாம்பிள் ரொம்ப அடர்த்தியாக இருந்தால், வரும் ஒளியைக் குவெட்டின் முன்பக்கமே விழுங்கிவிடும். டிடெக்டர் பார்ப்பதோ நடுப்பகுதியை! அங்கே ஒளியே போய்ச் சேராது. ரீடிங் குறைந்துவிடும். இதற்கு இன்னர் ஃபில்டர் எஃபெக்ட் என்று பெயர். விளைவு? மிக மோசமான தண்ணீர், சுமாரான தண்ணீர் மாதிரி ரிப்போர்ட்டில் ஏறிவிடும். அந்த ரிப்போர்ட்டை நம்பி வலை வீசுபவரும் மீன் வாங்குபவரும் இருக்கிறார்களே!

இதற்கு மருந்து சுலபம். சாம்பிளைப் பாதியாக நீர்க்கச் செய்து, அதாவது அதே ஹெக்சேனைச் சம அளவு சேர்த்து, மறுபடி அளக்க வேண்டும். பிளாங்க் கழித்த ரீடிங்கும் பாதியானால் சரி. பாதியாகாமல் நின்றாலோ, கூடினாலோ ஜாக்கிரதை! பாதியாகும் வரை நீர்த்துக்கொண்டே போய், நீர்த்த மடங்கால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு குறிப்புகள். சாம்பிளைக் கண்ணாடி பாட்டிலில்தான் எடுக்க வேண்டும், பிளாஸ்டிக் வேண்டாம். இந்த முறை மொத்த அளவைத்தான் காட்டும். எந்தச் சேர்மம் எவ்வளவு என்று தனித்தனியாக அறிய குரோமட்டோகிராபி வேண்டும்.

நாளை நம்மில் பலர் ஏதோ ஒரு லேபில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவோம். மெஷின் காட்டுகிற நம்பரை அப்படியே எழுத டிப்ளமோ தேவையில்லை. அதைச் சந்தேகப்படத்தான் நாம் படிக்கிறோம்.