தலைநகரம் இல்லாத டோக்கெலாவ்

கேள்வி: பத்தாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். உலக வரைபடத்தில் சமோவாவுக்கு வடக்கே 'டோக்கெலாவ்' என்று மூன்று புள்ளிகளைப் பார்த்த மாணவி ஒருத்தி, "இதுக்குத் தலைநகரம் எது டீச்சர்?" என்றாள். தேடினால் தலைநகரமே கிடையாது என்கிறார்கள். விமான நிலையமும் இல்லையாம். சுயாட்சி பெறும் வாய்ப்பு வந்தும் அந்த மக்கள் வாக்கெடுப்பில் அதைத் தவறவிட்டார்களாம். ஏன்? ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள இடத்தில் அரசாங்கம் எப்படி நடக்கிறது?
- ஓர் ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: தலைநகரம் இல்லை என்பது சரிதான். ஆனால் ஆட்சித் தலைமை இருக்கும் தீவு என்று ஒன்று உண்டு. அது வருடா வருடம் மாறும். டோக்கெலாவ் என்பது அட்டாஃபு, நுக்குநோனு, ஃபக்காவோஃபோ ஆகிய மூன்று பவளத்தீவுகள். ஒவ்வொரு தீவும் மூன்றாண்டுக்கு ஒருமுறை 'ஃபைப்புலே' என்ற தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த மூவரும் ஆண்டுக்கு ஒருவராக முறைவைத்து 'உலு', அதாவது ஆட்சித் தலைவர் ஆகிறார்கள். எந்தத் தீவும் மற்ற இரண்டுக்கு மேல் என்று ஆகிவிடாதபடி செய்துகொண்ட ஏற்பாடு இது. அரசு ஊழியர்களில் ஒரு பகுதியினர் வேலை பார்ப்பதோ இந்த மூன்று தீவுகளிலும் இல்லை, சமோவாவின் அப்பியா நகரத்தில்!

ஏன் அப்பியா என்பது, தீவுகளுக்குப் போய்ச் சேரும் பாட்டைச் சொன்னால் விளங்கும். அப்பியாவிலிருந்து கப்பலில் கிளம்பினால் ஒரு நாளுக்கு மேல் ஆகும். துறைமுகம் இல்லை. பவளத்திட்டுக்கு வெளியே ஆழ்கடலில் கப்பல் நிற்க, ஆட்களும் அரிசி மூட்டைகளும் ஒரு தட்டைப் படகுக்கு இறங்கவேண்டும். அலை எழும்பித் தாழும் நேரம் பார்த்துக் காலை வைக்கவேண்டும். அந்தப் படகு, திட்டை வெட்டிய குறுகிய வாய்க்கால் வழியே கரைக்குப் போகும். கடல் கொந்தளித்தால் கப்பல் காத்துக் கிடக்கும். தீவில் சமாளிக்க முடியாத நோயாளிக்கும் இதே வழிதான், எதிர்த்திசையில்.

நிலம் மூன்று தீவுகளிலும் சேர்த்தே 12 சதுர கிலோமீட்டர் தேறினால் அதிகம். நடுவில் காயல், அதைச் சுற்றி மாலை கோத்தாற்போலக் குட்டித் திட்டுகள். எங்கும் கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டர் அளவுதான் உயரம். ஆறு, ஓடை எதுவும் கிடையாது. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்கிறார்கள். 2011-இல் மழை பொய்த்து, வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவரவேண்டி வந்தது. மண் மெலிந்த பவள மண். தென்னை, ஈரப்பலா, குழி வெட்டி வளர்க்கும் ஒருவகைச் சேம்பு, பன்றி, கோழி, மீன்: சாப்பாட்டில் உள்ளூர்ப் பங்கு இவ்வளவே. தென்னம்பாளையைச் சீவி இறக்கும் 'கலேவே' என்ற பதநீரும் உண்டு.

இனி ஆட்சி. 2016 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,499. ஒவ்வொரு தீவிலும் 'தவுப்புலேகா' என்ற பெரியோர் சபை இருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, மீன்பிடிக் கட்டுப்பாடு எல்லாம் அதன் பொறுப்பு. மூன்று தீவுகளுக்கும் பொதுவாக 'ஜெனரல் ஃபோனோ' என்ற மன்றம் கூடுகிறது. 1996-இல் அதற்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் வந்தது. டோக்கெலாவ் நியூசிலாந்துக்கு உட்பட்ட பகுதி; நியூசிலாந்து அரசு நியமிக்கும் நிர்வாகி ஒருவர் இருந்தாலும் அன்றாட ஆட்சி தீவுக்காரர்கள் கையில்தான். 'ஆயிரத்தைந்நூறு பேருக்கு ஆளத் தெரியுமா' என்று கேட்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இந்த ஆட்சியின் வேர் 'இனாட்டி' என்ற பங்கீட்டு முறையில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஊர் கூடிப் பிடித்த மீனைக் கரையில் குவித்து, பங்கு பிரிக்கவென்றே உள்ளவர்கள் குடும்பத் தொகுதிகளின்படி எண்ணி வைப்பார்கள். கைக்குழந்தைக்கும் பங்கு, கடலுக்குப் போகமுடியாத கிழவிக்கும் பங்கு. ஒரு தொகுதியின் பேரைக் கூப்பிட்டதும் அந்த வீட்டுப் பிள்ளைகள் வந்து கூடையில் அள்ளிப்போவார்கள். ஆமை கிடைத்தால் அது பிடித்தவர் சொத்தாகாது, ஊருக்குப் பொது. அங்காடியும் சம்பளமும் வந்த பிறகும் இந்த வழக்கம் நிற்கிறது. கடலாடிகளின் அறிவை அவர்களுடைய 'துலுமா'விலும் பார்க்கலாம். கனாவா மரத்தைக் குடைந்து, தண்ணீர் புகாத மூடி போட்ட தூண்டில் பெட்டி அது. படகு கவிழ்ந்தாலும் மிதக்கும். டோக்கெலாவின் அரசுச் சின்னமே அந்தப் பெட்டிதான்.

பணம் எங்கிருந்து? பெரும்பங்கு நியூசிலாந்தின் மானியம். அடுத்தது சூரை மீன். நிலம் துளியானாலும் அதைச் சுற்றிய பொருளாதாரக் கடற்பரப்பு 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அங்கே மீன்பிடிக்கும் வெளிநாட்டுக் கப்பல்கள் நாள்கணக்கில் கட்டணம் கட்டுகின்றன. தபால்தலை, சேகரிப்பு நாணயம் என்று சில்லறை வரவும் உண்டு. 2012-இல் 4,032 சூரியத் தகடுகளைப் பொருத்தி, டீசலை நம்பியிருந்த மின்சாரத்தைச் சூரியனுக்கு மாற்றினார்கள். பின்னால் தேவை கூடியபோது டீசலும் துணைக்கு வந்தது உண்மை. ஆனாலும் பெரிய நாடுகள் மாநாடு கூட்டிப் பேசிக்கொண்டிருந்ததை இவர்கள் செய்து காட்டினார்கள்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. குக் தீவுகளும் நியுவேயும் போல, உள்நாட்டு ஆட்சி முழுவதும் தங்களிடம், நியூசிலாந்துக் குடியுரிமையும் தொடரும் என்ற 'சுதந்திரக் கூட்டுறவு' நிலைக்குத்தான் வாக்கெடுப்பு நடந்தது. அப்பியாவில் தொடங்கி, வாக்குப்பெட்டி தீவு தீவாகப் போனது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது நிபந்தனை. 2006-இல் 60 சதவீதம் ஆதரவு. 2007 அக்டோபரில் 692 வாக்குகளில் 446, அதாவது 64 சதவீதம். 16 வாக்கு குறைந்தது! ஆக, மக்கள் 'வேண்டாம்' என்று சொன்னார்கள் என்பது சரியல்ல. பெரும்பான்மையினர் இரண்டு முறையும் 'வேண்டும்' என்றார்கள். நிபந்தனைதான் எட்டவில்லை.

வேண்டாம் என்றவர்களின் தயக்கத்தையும் நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். 1863-இல் பெருவிலிருந்து வந்த ஆள்பிடிக் கப்பல்கள் சுமார் 250 பேரைக் கொண்டுபோயின. அது அன்றைய மக்களில் பாதிக்குச் சற்றே குறைவு. போனவர்கள் ஏறக்குறைய யாரும் திரும்பவில்லை. 1889-இல் பிரிட்டன் காப்பாட்சி, 1920-களின் நடுவில் நியூசிலாந்து நிர்வாகம். இவர்கள் தங்கள் நான்காவது தீவாகக் கருதிய ஒலொஹேகா 1925-இல் அமெரிக்கச் சமோவாவோடு சேர்க்கப்பட்டது. இத்தனையும் இவர்களைக் கேட்காமல் நடந்தவை. இப்படிப்பட்டவர்களிடம் புதிய ஒப்பந்தத்தை நீட்டும்போது, 'நாளைக்குக் கப்பல் வருமா, மானியம் வருமா' என்று அவர்கள் கேட்பதில் என்ன தவறு? 1966 புயலுக்குப் பிறகு பல குடும்பங்கள் நியூசிலாந்தில் குடியேறின. 2018 கணக்கெடுப்பில் அங்கே தங்களை டோக்கெலாவியர் என்று பதிந்தவர்கள் 8,600-க்கும் மேல். தீவில் இருப்பவர்களைவிடப் பல மடங்கு.

அந்தப் புலம்பெயர்ந்தவர்களுக்கு வாக்குரிமை தரப்படவில்லை. அவர்களில் பலருக்கு அதில் வருத்தம். நான் தீவில் இருப்பவர்கள் பக்கம் நிற்கிறேன். கப்பல் தாமதமானால் மருந்துக்குக் காத்திருப்பவர்கள் அவர்கள்தான், கடல் ஏறினால் வீட்டை இழப்பவர்களும் அவர்கள்தான். டோக்கெலாவ் இன்னும் ஐ.நா.வின் தன்னாட்சியற்ற பிரதேசங்கள் பட்டியலில் இருக்கிறது. அடுத்த வாக்கெடுப்பு வந்தால், அதற்கு முன்னால் கப்பலுக்கும் மருத்துவத்துக்கும் கடலரிப்புத் தடுப்புக்கும் நீண்டகால உத்தரவாதத்தை நியூசிலாந்து எழுத்தில் தரவேண்டும். அது கையில் இருந்தால் அந்த 16 வாக்கு கிடைக்காமல் போகாது என்றே நம்புகிறேன்.