மாத்திரை சாப்பிட்டாலும் ஓட்டு உண்டு

விருத்தாசலம் செராமிக் பட்டறையில் அச்சிலிருந்து அகல் விளக்கை எடுத்து அடுக்குகிற ஒருவர் மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடலாம். அதனால் அவர் ஓட்டு போய்விடாது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, மனநிலை சரியில்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்திருந்தால் மட்டுமே இந்தக் காரணத்துக்காக வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கலாம். டாக்டர் சீட்டோ மாற்றுத்திறனாளி அட்டையோ போதாது.

வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வரும்போது, "அவனுக்கு எதுக்குங்க ஓட்டு?" என்று பெற்றவர்களே சொல்லிவிடுவதுதான் எனக்கு வருத்தம். தயவுசெய்து சொல்லாதீர்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் படிவம் 6 கொடுங்கள். நீக்கச் சொல்லி யாராவது படிவம் 7 கொடுத்தால், விசாரணைக்கு உங்கள் பிள்ளையையே அழைத்துப் போய், நீதிமன்ற உத்தரவு எங்கே என்று கேளுங்கள். நீக்கிவிட்டால் 15 நாளுக்குள் கடலூர் கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம். சந்தேகமென்றால் வாக்காளர் உதவி எண் 1950-க்குப் போன் போடுங்கள்.

2019 மக்களவைத் தேர்தலில் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை வளாகத்திலேயே வாக்குச்சாவடி அமைக்கப்பட்டு, உள்நோயாளிகள் வாக்களித்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன தடை?

ஓட்டுப் போடும் நாளில் காலைச் சாப்பாடும் மாத்திரையும் தவற வேண்டாம். கூட்டம் பதற்றம் தருமென்றால் மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டி வரிசையில் முன்னுரிமை கேளுங்கள். எந்தச் சின்னம் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.