சினைக் கப்பி மீன்களின் நோய்களும் பராமரிப்பும்

செகந்தராபாத்தில் இராணுவ மருத்துவராகப் பணிபுரிந்த ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கொசுவை அதன் புழுப் பருவத்திலேயே நீரில் ஒழிக்கும் முயற்சிகள் அதன்பின் வலுப்பெற்றன. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கப்பி மீன் 1908-இலும், கம்பூசியா மீன் 1928-இலும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. கம்பூசியா தெளிந்த நீரை விரும்புவது. கப்பியோ அழுக்கு நீரையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். வளர்ந்த கப்பி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ எண்பது முதல் நூறு கூத்தாடிப் புழுக்கள் வரை உண்ணக்கூடியது. ஆகவே பள்ளிக்கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக வளர்க்கப்படும் இம்மீனே, சுகாதாரப் பணியாளரின் சிமெண்டுத் தொட்டியில் கொசு ஒழிப்புக் கருவியாகவும் விளங்குகிறது.

அத்தொட்டியின் விளைவு முழுவதும் சினை மீன்களைப் பொறுத்தது. நன்கு வளர்ந்த பெண் மீன் ஓர் ஈற்றில் இருபது முதல் ஐம்பது குஞ்சுகள் வரை ஈனும். தலையீற்றில் இத்தொகை மிகக் குறைவு. குஞ்சுகள் மூன்று மாதத்தில் தாமும் இனம் பெருக்கத் தொடங்கும். ஜூன் மாத மழைக்குப் பின் கொசு பெருகும்போது விடுவதற்கு மீன் வேண்டுமாயின், ஏப்ரல், மே மாதங்களில் சினை மீன்கள் பிழைத்திருத்தல் வேண்டும். தக்காண வெயில் கடுமையாக இருப்பதும் அம்மாதங்களில்தான்.

கப்பி முட்டையிடுவதில்லை. முட்டைகள் தாயின் வயிற்றிலேயே கருவுற்று, தம்முள் அடங்கிய மஞ்சள் கருவை உண்டு வளர்கின்றன. உணவு முன்பே சேமிக்கப்பட்டதாயினும், மூச்சுக்கு வேண்டிய பிராணவாயு தாயின் குருதி வழியாகவே கிடைக்க வேண்டும். எனவே சினை மீனுக்கு மற்ற மீன்களைவிடப் பிராணவாயு மிகுதியாகத் தேவைப்படுகிறது. நீரோ, சூடேறச் சூடேறக் குறைவான பிராணவாயுவையே தன்னுள் தாங்கும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 30 டிகிரியில் சுமார் 7½ மில்லிகிராம்தான். திறந்த மாடியில் நிழலின்றி வைக்கப்பட்ட தொட்டியில் சினை மீன்கள் முதலில் இறப்பதற்குக் காரணம் இதுவே. அவை விடியற்காலையில் நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து மூச்சு வாங்குவதைப் பேறுகால வேதனையென்று கொள்வது தவறு. அது மூச்சுத்திணறல், தென்னங்கீற்றால் நிழலும், காற்றுக் குழாயும் அதற்கு மருந்து.

ஹைதராபாத் கருங்கற் பாறைப் பகுதியிலுள்ள நகரம். ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது. கடின நீர் மீனைக் கொல்கிறதென்று பலர் அஞ்சுகின்றனர். கப்பிக்கு அதனால் தீங்கில்லை. தீங்கு வேறிடத்தில் உள்ளது. தொட்டியில் சேரும் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதில் ஒரு பகுதியே கொடிய நஞ்சு; காரத்தன்மை ஏற ஏற அப்பகுதி பெருகும். பீ.எச். எண் 7 ஆக இருக்கும் நீரைவிட, 8 ஆக இருக்கும் நீரில் அது ஏறத்தாழப் பத்து மடங்கு; வெப்பம் கூடினால் மேலும் மிகும். ஆதலால் காரத்தன்மை மிகுந்த கிணற்று நீரும், கோடை வெயிலும், அளவுக்கு மீறிய தீனியும் ஒன்றுசேர்ந்தால் தொட்டி நஞ்சாகிவிடும். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுவது நலம். இறைத்தவுடன் கிணற்று நீரில் பிராணவாயு குறைவாக இருக்கலாம். குழாய் நீரில் குளோரின் இருக்கும். இரண்டையும் ஒருநாள் திறந்து வைத்திருந்து பயன்படுத்துக.

வயிறு பருத்த மீனெல்லாம் சினை மீனன்று. களத்தில் நேரும் பிழைகளுள் பெரியது இதுவே. சினை மீனில் பருமன் நாள்தோறும் சிறிது சிறிதாக ஏறும்; வயிற்றின் பின்பகுதியில், மலத்துளைக்கருகே சினைப்புள்ளி எனப்படும் கரிய பொட்டு விரிந்து இருண்டு வரும்; ஈனும் நாளை அண்டி வயிறு சதுரமாகத் தோன்றும். மீன் வழக்கம்போல் இரை தின்னும். மகோதரத்திலோ, உள்ளுறுப்புகள் பழுதுற்று நீர் கோத்துக்கொள்வதால், செதில்கள் தூக்கி நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் இது தெரியாமற் போகலாம். மேலிருந்து நோக்கினால் உடல் அன்னாசிப் பழத் தோல்போல் காணப்படும். இந்நிலையை அடைந்த மீன் பிழைப்பது அரிது. அதனைப் பிரித்துவிடுவதே தக்கது.

மலத்துளையினின்று சிவந்த நூல்போல் ஏதேனும் நீட்டிக்கொண்டிருந்தால் குஞ்சு வெளிவருகிறதென்று காத்திருக்க வேண்டாம். அது கமல்லானஸ் என்னும் குடற்புழு. ஆட்டுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கப்படும் லெவமிசோல் மருந்தே இதற்கும் பயன்படுகிறது. கால்நடை மருத்துவரைக் கேட்டு அளவறிந்து இடுதல் வேண்டும். தோலிலும் துடுப்பிலும் பற்றும் கைரோடாக்டிலஸ் என்னும் சிறு புழுவும் கப்பியை வருத்துவது. இப்புழுவும் குட்டி ஈனுவதே. அதன் வயிற்றிலுள்ள குட்டியின் வயிற்றிலும் ஒரு குட்டி வளர்ந்துகொண்டிருக்கும். பெட்டிக்குள் பெட்டி வைத்தாற்போன்ற இவ்வமைப்பை நுண்ணோக்கியில் மாணவர்க்குக் காட்டலாம்.

சினைக்காலம் பொதுவாக மூன்று முதல் நான்கு வாரம், குளிரில் நீளும். அக்காலம் கடந்தும் ஈனாது, இரை ஒதுக்கி, மூலையில் ஒதுங்கும் மீனின் வயிற்றில் கருக்கள் இறந்திருக்கக்கூடும். முதிர்ந்த மீன்களில் இது மிகுதி. 1957-இல் ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் வெற்றிகண்ட தூண்டுமுறை இனப்பெருக்கத்துக்குப்பின், கெண்டைப் பண்ணைகளில் முட்டையைப் பிதுக்கி எடுக்கும் முறையைப் பணியாளர் பலர் அறிவர். அதைக் கப்பியிடம் செய்யலாகாது. உள்ளுறுப்புகள் கிழிந்து தாய் இறக்கும்.

குறைப்பேற்றுக்குப் பெரும்பாலும் மனிதக் கையே காரணம். ஈனும் வாரத்தில் வலைவீசிப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றினால், மஞ்சள் கருப்பை ஒட்டிய குஞ்சுகள் வெளிப்பட்டு அடியில் கிடந்து இறக்கின்றன. அனுப்ப வேண்டிய மீன்களைச் சினையின் முற்பாதியிலேயே, ஒருநாள் தீனி நிறுத்தி, பிராணவாயு நிரப்பிய பாலிதீன் பையில், காலை வேளையில் அனுப்புக. குஞ்சுகளைத் தாய் தின்றுவிடும் என்பது மெய்யே. அதற்கென விற்கப்படும் குறுகிய பொறிப் பெட்டியில் தாய் திணறுகிறது; தொட்டி நிறைய வேலம்பாசி இட்டால் குஞ்சுகள் அதில் மறைந்துகொள்ளும். ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற விகிதம் நன்று. ஆண்கள் மிகுந்தால் சினை மீனை ஓயாது விரட்டிக் களைப்புறச் செய்யும். ஆண்களை நீக்கியபின்னும் சில மாதங்கள் ஈற்று தொடர்வது கண்டு வியக்க வேண்டியதில்லை. பெண் மீன் விந்தணுக்களைத் தன்னுள் சேமித்து வைக்கும் இயல்புடையது.

ஈன்ற மீனை ஓரிரு நாள் தனியே விட்டு, உயிர்த்தீனி கொடுத்து, பின்னர் பழைய தொட்டியில் சேர்க்கலாம். நோயுற்ற தொட்டியின் மீனை எந்த நீர்நிலையிலும் விடக்கூடாது. நலமான கப்பியையும் உள்நாட்டுச் சிறுமீன்கள் வாழும் ஏரி, ஆறுகளில் விடாது, கிணறு, நீர்த்தொட்டி, கட்டட வேலைக்குத் தேக்கிய நீர் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.